பனிக்கட்டி அறுவடைக்கும் வாருங்கள்
மத்திய நியூ ஜெர்சித் தமிழ்ப் பெற்றோருக்கும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



பிளெயின்ஸ்பரோ, வெஸ்ட் விண்ட்சர், எடிசன், பிரிட்ஜ்வாட்டர் என்று சிதறிக் கிடக்கும் நம் குடும்பங்களிடம் ஒன்று கேட்கவே இதை எழுதுகிறேன். மெர்சர் கவுண்டியில், டெலவேர் ஆற்றங்கரையை ஒட்டிப் போகும் 29ஆம் எண் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ப்ளெசன்ட் வேலி வரும். அங்கே ஹோவெல் பண்ணை இருக்கிறது. உங்களில் நிறையப் பேருக்குத் தெரிந்த இடம்தான். அக்டோபரில் மக்காச்சோளக் காட்டுப் புதிர்ப்பாதையில் பிள்ளைகளை ஓடவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியிருப்பீர்கள். அந்த ஒரு நாளோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஜனவரியில் வாருங்கள். பிப்ரவரியில், ஏப்ரலில், ஜூலை வெயிலில் வாருங்கள். அதே பிள்ளையை அதே வயலுக்குக் கூட்டி வாருங்கள். பார்க்க மட்டும் வேண்டாம், வேலை செய்ய வரட்டும்.

இது வேலை செய்வதற்கென்றே கொடுக்கப்பட்ட இடம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 1949 முதல் 1955 வரை உறுப்பினராக இருந்த சார்ல்ஸ் ஹோவெல் இந்தப் பண்ணையின் சொந்தக்காரர். அவர் மறைவுக்குப் பின் அவர் மனைவி ஐனெஸ், கணவரின் நினைவாக 1974இல் இதைக் கவுண்டிக்கே தானமாகக் கொடுத்தார். வீட்டை அலங்கரித்துக் கண்ணாடிக்குள் வைக்கச் சொல்லவில்லை அந்த அம்மாள். அந்தக் காலத்துப் பண்ணை வாழ்க்கையைப் பார்ப்பதோடு நில்லாமல் விரும்புகிறவர்கள் செய்தும் பார்க்க வேண்டும் என்றார். பால் கறக்கலாம், முட்டை பொறுக்கலாம், ஆட்டு ரோமம் கத்தரிக்கலாம், நூல் நூற்கலாம். இன்றைக்கு ஏறத்தாழ 130 ஏக்கரில் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளின் விவசாயம் அங்கே அப்படியே நடக்கிறது. குதிரையும் எருதும் பூட்டித்தான் உழவு. விதைப்பது, அறுப்பது, அரைப்பது எல்லாம் அந்தக் காலக் கருவிகளால். நடிகர்கள் வேடம் போட்டு வசனம் பேசும் இடமல்ல. வயலில் பயிர் இருக்கிறது, அதற்கு அந்தந்தப் பருவத்தில் வேலை இருக்கிறது, சனிக்கிழமை வருகிற குடும்பம் அந்த வேலையில் கைகொடுக்கிறது. அவ்வளவுதான்.

ஜனவரியிலிருந்து தொடங்குகிறேன். நமக்கு அதுதான் அறுவடை மாதம்.

பொங்கலுக்கு நாம் என்ன செய்கிறோம்? ஏதாவதொரு உயர்நிலைப் பள்ளியின் அரங்கத்தை வாடகைக்கு எடுக்கிறோம். நெருப்பு மூட்ட அனுமதி இல்லாததால் பானையை மின்னடுப்பில் வைக்கிறோம். படேல் பிரதர்ஸ் கடையில் வாங்கிய கரும்பு இரண்டு பக்கமும் நிற்கும். மாட்டுப் பொங்கலுக்கு அட்டையில் வெட்டிய காளை. இதில் குறைசொல்ல எதுவும் இல்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இரவு கண்விழித்து மேடை கட்டுகிறவர்களை நான் அறிவேன், அவர்களில் ஒருத்தியாக இருந்தும் இருக்கிறேன். ஆனால் அந்த மேடையில் உழவுப் பாட்டுக்கு ஆடுகிற பிள்ளைக்கு வெளியே ஜன்னலுக்கு அப்பால் கிடக்கிற நிலம் அந்த மாதத்தில் என்ன செய்கிறது என்று தெரியாது. நாமும் சொல்லித் தருவதில்லை, ஏனென்றால் நமக்கும் தெரியாது.

அந்த மாதத்தில் இந்த மண்ணிலும் ஓர் அறுவடை உண்டு. பனிக்கட்டி அறுவடை. மின்சாரக் குளிர்பெட்டி வருவதற்கு முன், குட்டைகளும் ஏரிகளும் உறைகிற ஜனவரி, பிப்ரவரியில்தான் இங்குள்ள விவசாயி கோடைக்கு வேண்டிய குளிர்ச்சியைச் சேர்த்து வைத்தான். கறந்த பால் கெடாமலிருக்க அது வேண்டும். ஹோவெல் பண்ணையில் குட்டை போதிய கனத்துக்கு உறைந்துவிட்டால் இன்றும் அதே வேலை நடக்கிறது. முதலில் மேலே கிடக்கும் பனித்தூளை வழித்துத் தள்ளுவார்கள். பிறகு சதுரம் சதுரமாகக் கோடு போடுவார்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு ரம்பம், அதற்கு மேலே குறுக்குக் கட்டையாக ஒரு பிடி. அதைச் செங்குத்தாகப் பிடித்து மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையால் முடியும். நாலு இழுப்புக்குள் தோள் வலிக்கும், ஆனாலும் விடாது. கட்டி பிரிந்ததும் திறந்த தண்ணீரில் மிதக்கும். நீளக் கொக்கிக் கழியால் அதைக் கரைக்கு ஓட்டி வந்து, இடுக்கியால் கவ்வி, சறுக்குப் பலகையில் ஏற்றிப் பனிக்கட்டிக் கொட்டகைக்குள் அடுக்குவார்கள். சுற்றிலும் மரத்தூள். அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்தக் கட்டி ஜூலை வரை தாங்கும், அதில் ஐஸ்கிரீம் சுற்றலாம்.

சென்னைக்காரர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் என்று நாம் சொல்கிற இடம், இன்று விவேகானந்தர் இல்லம் இருக்கும் அந்த வட்ட வடிவக் கட்டடம், 1842இல் கட்டப்பட்டது இதற்காகத்தான். பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ரெடரிக் டியூடர் என்ற வியாபாரி மாசசூசெட்ஸ் ஏரிகளில் இதேபோல் ரம்பத்தால் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மதராசுக்கு அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் சரக்கு ஏறத்தாழ 180 டன். நாலு மாதப் பயணத்துக்குப் பிறகு 100 டன் உருகாமல் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க எழுத்தாளர் தோரோ தன்னுடைய வால்டன் நூலில், குட்டையில் பனிக்கட்டி அறுக்கிற ஆட்களைப் பற்றி எழுதும் இடத்தில் மதராஸின் பெயரையும் சொல்கிறார். நீராவியால் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் வந்தபின் அந்த வாணிபம் படுத்தது. நம் பிள்ளை அந்த ரம்பத்தைப் பிடிக்கும்போது, அதன் பாட்டி பஸ் ஏறிய நிறுத்தத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுங்கள். பள்ளிப் பாடத்தில் இரண்டு ஊர்களையும் இப்படி ஒரு வேலையால் கட்டிப் போட்டு யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

குளிர் போதாத வருடங்களில் குட்டை உறையாது, ரம்பத்துக்கு வேலை இருக்காது. அப்படிப்பட்ட சனிக்கிழமையிலும் போங்கள். விளைச்சல் இல்லாத வருடம் என்றால் என்னவென்று ஒரு பிள்ளைக்குக் காட்ட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வானம் பார்த்து உட்கார்ந்திருந்த தாத்தாக்களின் பேரப் பிள்ளைகள்தானே இவர்கள்.

பிப்ரவரியில் மேப்பிள். இரவில் தண்ணீர் உறைய வேண்டும், பகலில் இளக வேண்டும். அந்த ஏற்ற இறக்கம்தான் மரத்தில் சாற்றை ஓடவைக்கிறது. தண்டில் சிறு துளையிட்டுக் குழாய் செருகி வாளியைத் தொங்கவிடுகிறார்கள். சொட்டுகிற சாறு பார்ப்பதற்குத் தண்ணீர்தான், நாக்கில் வைத்தால் லேசாக ஓர் இனிப்பு. நூற்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருந்தால் அதிகம். அதனால்தான் ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டியிருக்கிறது. விறகடுப்பின் மேல் அகலமான தட்டுத் தொட்டியில் மணிக்கணக்காகக் கொதிக்கிறது. கொட்டகை முழுக்க இனித்த ஆவி. ஐரோப்பியர் வருவதற்கு வெகு முன்பே இந்த வடகிழக்குப் பகுதியின் பூர்வகுடி மக்கள் மேப்பிள் சாறு எடுத்துக் காய்ச்சியவர்கள். அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கொட்டகைக்குத் தெற்கத்திப் பாட்டிகளைக் கூட்டி வர வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் பதநீர் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தத் தொட்டியின் அருகே நின்றால் போதும், யாரும் விளக்க வேண்டியதில்லை. நுரை எப்போது அடங்கும், கரண்டியிலிருந்து சொட்டு எப்படி விழுந்தால் பதம், தீயை எப்போது இழுக்க வேண்டும் என்று பேச்சு தன்னால் வரும். சென்ற குளிர்காலத்தில் அப்படி வந்த ஓர் அம்மாள், பாகு பதத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பேத்தியை விட்டுக் கேட்டார். தொட்டியைக் கவனித்துக்கொண்டிருந்தவர், கட்டி தட்டிச் சர்க்கரையாகிவிடும் என்றார். அம்மாளுக்கு ஒரே மகிழ்ச்சி. கருப்பட்டி எப்படி வார்ப்பது என்று சிரட்டையையும் கையையும் வைத்து அவருக்குச் சொல்லிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். பேத்தி மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் களைத்துப்போனாள். ஆறு மாத விசாவில் வந்து, மகன் வீட்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிற நம் பெரியவர்களுக்கு, தமக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி மரியாதையோடு கேட்டுக்கொள்ளும் ஓர் இடம் இந்த நாட்டில் கிடைப்பது சாதாரண விஷயமல்ல.

ஏப்ரல் வாக்கில் ஆட்டு ரோமம் கத்தரிப்பு. ரோமம் முழுவதும் ஒரே விரிப்பாகக் கழன்று வரும். சிறு பிள்ளைகளுக்கு அதுவே போதும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளைச் சிக்கெடுக்கவும் நூற்கவும் உட்கார வைத்துவிடுங்கள். மே மாதம் மக்காச்சோள விதைப்பு. அதற்குப் பிறகு வைக்கோல் காலம். இவற்றைப் பற்றி நீட்டவில்லை, போனால் தெரியும்.

கோதுமையைப் பற்றி மட்டும் நீட்டத்தான் வேண்டும். இந்த ஊரில் கோதுமையை அக்டோபரில் விதைக்கிறார்கள். முளைவிட்டுப் புல்லாக நிற்கும்போதே குளிர் வந்து மூடிவிடும். பனிக்கு அடியில் அந்தப் பயிர் சாவதில்லை. பல வாரக் குளிரைப் பட்டால்தான் வசந்தத்தில் அது கதிர்விடவே செய்யும். மார்ச்சில் எழும், ஜூன் கடைசியில் பொன்னிறமாகும், ஜூலை தொடக்கத்தில் அறுவடை. அதாவது நம் பிள்ளைகள் அக்டோபரில் புதிர்ப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கும் அதே நாட்களில் அடுத்த வருட ரொட்டிக்கான விதை பக்கத்து வயலில் விழுந்துகொண்டிருக்கிறது. அதைக் காட்டாமலே வந்துவிடுகிறோம்.

அறுவடைக்குக் குதிரை இழுக்கும் கட்டுக்கட்டும் எந்திரம் வரும். கதிரை அறுத்து, சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டு, கட்டுக் கட்டாக ஓரத்தில் தள்ளிக்கொண்டே போகும். அந்த முடிச்சுப் போடும் பொறியை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ரோபோ போட்டிக்குப் போகிற பிள்ளைகள் அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், கூப்பிட்டால் வர மாட்டார்கள். விழுந்த கட்டுகளை எடுத்து, கதிர் மேலே பார்க்க ஒன்றோடொன்று சாய்த்துக் குவியலாக நிறுத்துவதுதான் வந்தவர்களின் வேலை. காற்றும் வெயிலும் பட்டுக் காய வேண்டும். கையில்லாத சட்டையோடு வந்தவர்கள் அரை மணி நேரத்தில் சொரிய ஆரம்பிப்பார்கள். சுணை. நெற்கட்டு சுமந்தவர்களுக்குத் தெரியும் அது. என் மாணவன் ஒருவன், அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன், கோதுமை மணி ஐந்தாறை உமி ஊதிவிட்டு வாயில் போட்டு மெல்லத் தொடங்கினான். மெல்ல மெல்ல அது பசையாகி, மெல்லும் கோந்து மாதிரி இழுபட்டது. சப்பாத்தி மாவு ஏன் பிசைந்தால் இழுபடுகிறது என்று அவனுக்கு அன்றைக்குப் புரிந்தது. வாயிலிருந்து எடுத்து எனக்கும் காட்டினான்.

பிறகு மூன்று நான்கு வாரம் கழித்துக் கதிரடிப்பு. பழைய எந்திரம் ஒன்று பெரும் சத்தத்தோடு ஓடும், ஒரு பக்கம் தாள் பறக்கும், இன்னொரு பக்கம் மணி கொட்டும். மேல்மாடியில் சேமித்து, தேவைக்கு அரைத்துக்கொள்கிறார்கள். விதைத்த வயலிலிருந்து மாவு வரைக்கும் ஒரே இடத்தில், ஒரே குழந்தை பார்த்துவிடலாம். ஊருக்குக் கூட்டிப் போய்க் காட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஜூலை விடுமுறைக்குப் போகிறோம், உண்மைதான். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்று நெல் அறுப்பது பெல்ட் வண்டி என்கிற அறுவடை எந்திரம். காலையில் வந்து மதியத்துக்குள் வயலைக் காலி செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. களத்துமேட்டில் அடிப்பதும் முறத்தால் தூற்றுவதும் எங்கள் ஊரிலேயே பிள்ளைகளுக்குத் தெரியாது. உழவு டிராக்டரில். அதனால் விவசாயிக்கு முதுகு மிச்சம், அதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். கையால் செய்த வேலையைப் பார்க்க வேண்டும் என்றால் இன்று ஹோவெல் பண்ணைதான் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்கிறேன், அவ்வளவே.

செப்டம்பரில் உழவுப் போட்டி. என்னைக் கேட்டால் வருடத்திலேயே இதுதான் சிறந்த நாள். குதிரை பூட்டி உழுகிறவர்கள் வெளியூர்களிலிருந்தும் வருவார்கள். சால் நேராக இருக்கிறதா, ஆழம் ஒரே சீராக இருக்கிறதா, மண் முழுதாகப் புரண்டு புல்லை மூடியிருக்கிறதா என்று நடுவர்கள் நடந்து நடந்து பார்ப்பார்கள். ஒரு பக்கத்தில் எருதுகள் நிற்கும். பார்வையாளர்கள் மேழியைப் பிடித்து உழுது பார்க்கலாம்.

அங்கேதான் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். மகள் வீட்டுக்கு வந்திருந்தார். வேட்டிக்கு மேல் குளிர் மேலங்கி. எருதுகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, “திமில் இல்லையே ஆத்தா, நொகம் எதுல ஒக்காரும்?” நான் அதுவரை கவனித்ததே இல்லை. நம் மாட்டுக்குத் திமில் உண்டு. நுகத்தடி அதற்கு முன்னால் கழுத்தில் படிந்து, திமிலில் முட்டிக்கொண்டு நிற்கும். இங்குள்ள மாட்டினத்துக்குத் திமில் கிடையாது. அதனால் கனத்த நுகத்தைக் கழுத்தின் மேல் வைத்து, வளைத்த மரச்சட்டம் ஒன்றை அடியிலிருந்து இரண்டு பக்கமும் மேலே செருகிப் பூட்டியிருக்கிறார்கள். மூக்கணாங்கயிறும் இல்லை. ஓட்டுகிறவர் பின்னால் வராமல் இடப்பக்கம் தலைக்கு அருகில் நடக்கிறார். கையில் ஒரு மெல்லிய குச்சி. மற்றபடி எல்லாம் குரல்தான். ‘ஜீ’ என்றால் வலப்பக்கம், ‘ஹா’ என்றால் இடப்பக்கம். பெரியவர் அந்த ஓட்டுநரிடம் அனுமதி கேட்டுவிட்டு எருதின் பிடரியில் கை வைத்துத் தடவினார். தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. “நல்லா வச்சிருக்கான்” என்றார். பிறகு மேழியைப் பிடித்து ஒரு சால் ஓட்டினார். அது மண்ணை ஒருபுறமாகப் புரட்டிப் போடும் வளைந்த இரும்புக் கலப்பை. அவர் பழகிய நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு போகுமே தவிரப் புரட்டாது. முதல் பத்தடியில் தடுமாறினார், அதன்பின் நேராகப் போனது. மகளின் மகனும் மகளும் வாயடைத்து நின்றார்கள். தாத்தாவுக்குச் செல்போனில் படம் அனுப்பத் தெரியாது என்பது மட்டுமே அதுவரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதோடு சேர்த்து ஒன்றைப் பேச வேண்டும். அவர் ஏர் பிடித்தவர். நம்மில் எல்லார் வீட்டிலும் அப்படி இல்லை. “எங்களுக்கு ஊரில் நிலம் இருந்தது, நாங்களும் விவசாயக் குடும்பம்தான்” என்று இங்கே விருந்துகளில் சொல்லிக்கொள்கிறோம். நானும் காவிரிப் பாசனப் பகுதியில் நிலமிருந்த வீட்டில் பிறந்தவள். எங்கள் வயலில் என் அப்பா இறங்கி நான் பார்த்ததில்லை. வரப்பில் குடையோடு நின்றிருக்கிறார். நட்டதும் களை பறித்ததும் அறுத்ததும் சேரியிலிருந்து வந்தவர்கள். களத்தில் நெல் குவிந்தபின் அவர்களுக்குப் படியால் அளந்து கூலி. அந்தப் படியில் அரைப்படி கூடக் கேட்டுப் போராடிய காலத்தில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பொங்கலுக்கு மூன்று வாரம் முன்பு.

நியூ ஜெர்சியின் பண்ணைகளுக்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு. இந்த மண்ணிலும் அடிமைகள் உழைத்தார்கள். வட மாநிலங்களில் அடிமை முறையை ஒழிக்கக் கடைசியாகச் சட்டம் போட்டது நியூ ஜெர்சி, 1804இல். அதுவும் உடனடி விடுதலை அல்ல. அந்த வருடம் ஜூலை 4க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை, ஆணாயிருந்தால் 25 வயது வரையும் பெண்ணாயிருந்தால் 21 வயது வரையும் தாயின் எஜமானருக்கு ஊழியம் செய்த பிறகே விடுதலை. கடைசிச் சங்கிலி உள்நாட்டுப் போர் முடிந்தபின்தான் அறுந்தது. ஹோப்வெல் பள்ளத்தாக்கிலும் சோர்லண்ட் மலையடியிலும் வாழ்ந்த கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்று ஸ்கில்மனில் இருக்கிறது. ஹோவெலுக்குப் போகும் வழியில் ஒரு தடவையாவது அங்கேயும் நிறுத்துங்கள்.

பண்டிகை மாதிரி ஒரு நாளில் இதையெல்லாம் ஏன் இழுக்கிறாய் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. பிள்ளைகள்தான் காரணம். குனிந்து பத்துக் கட்டு தூக்கி அடுக்கிய பிள்ளை, “இதை நாள் முழுக்க யார் செய்வாங்க?” என்று தானாகவே கேட்கும். மேடையில் உழவர் வேடம் போட்ட பிள்ளைக்கு அந்தக் கேள்வி வருவதில்லை, முதுகு வலித்த பிள்ளைக்கு வருகிறது. அப்போது நம்மிடம் உண்மையான பதில் இருக்க வேண்டும். சொந்த நிலத்தில் ஏர் பிடித்த தாத்தா, பிறர் நிலத்தில் கூலிக்கு அறுத்த பாட்டி, வரப்பில் குடையோடு நின்ற என் அப்பா, மூவருமே இந்த மாநிலத் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர்தான். அறுவடைத் திருநாளை மூவரின் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து கொண்டாட வேண்டுமானால், வேலை யார் செய்தார் என்பதை மூடி வைத்துவிட்டுக் கொண்டாட முடியாது.

இனி, செய்யக்கூடியவை. தமிழ்ப் பள்ளிகள் செப்டம்பரில் தொடங்கும் முன்பே வருட அட்டவணையைப் போட்டுவிடுகின்றன. அதில் மூன்று சனிக்கிழமைகளைப் பண்ணைக்கு ஒதுக்குங்கள். உழவுப் போட்டிக்கு ஒன்று, பனிக்கட்டிக்கு ஒன்று, மேப்பிளுக்கு ஒன்று. ஜூலையில் பள்ளி விடுமுறை, எனவே கோதுமைக்குக் குடும்பமாகத்தான் வர வேண்டும். ஊர்ப் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போட முடிகிறவர்கள் தள்ளிப் போடுங்கள். சரியான தேதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், வானிலை பார்த்தும் மாறும். கிளம்பும் முன் பண்ணையின் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சனிக்கிழமை நிகழ்ச்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. புதிர்ப்பாதைக்கு மட்டும் உண்டு, அந்தப் பணமும் பண்ணைக்கே போகிறது. ஆகவே அதற்கும் தாராளமாகப் போங்கள்.

தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. அடுத்த பொங்கலுக்கு வெல்லப் பானை எப்போதும்போல இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பானை வையுங்கள். முந்தைய பிப்ரவரியில் நம் பிள்ளைகள் காய்ச்சப் பார்த்த மேப்பிள் பாகை அதில் ஊற்றிப் பாலும் அரிசியும் பொங்கவிடுங்கள். புது விளைச்சலைச் சூரியனுக்குக் காட்டிவிட்டு உண்பதுதானே பொங்கல். இந்தப் பிள்ளைகளின் சூரியன் இங்கேதான் உதிக்கிறது, இவர்கள் தொட்ட விளைச்சல் இங்கேதான் இருக்கிறது. சாஸ்திரம் ஒத்துக்கொள்ளுமா என்று தயங்குகிறவர்கள் வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள். கொட்டகையில் பதம் பார்த்த அந்த அம்மாளிடம் கேட்டேன், “ஏலக்காய் மட்டும் குறைச்சுப் போடு, அதுலயே வாசனை இருக்கு” என்றார்.

பெரிய கூட்டமாக வருவதானால் முன்கூட்டியே பண்ணைக்குத் தெரிவித்துவிடுங்கள். விலங்குகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகளைக் கத்தவிடாதீர்கள். குதிரைக்குப் பின்னால் போகக் கூடாது என்பதை வண்டியிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள். ஜனவரிக்குத் தண்ணீர் புகாத பூட்ஸ், இரண்டு ஜோடிக் கையுறை, மாற்றுக் காலுறை. ஜூலைக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும். சுணையை மறந்துவிடாதீர்கள். சாப்பாட்டைக் கையோடு கொண்டு வாருங்கள், புளிசாதமும் உருளைக்கிழங்கும் போதும், குப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

லாரன்ஸ்வில்லிலிருந்து நான் கிளம்புகிறேன். கார் ஓட்ட ஆளில்லாமல் வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டிகள் யாராவது வர விரும்பினால் தமிழ்ப் பள்ளியில் சொல்லி வையுங்கள். என் வண்டியில் மூன்று இடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் தமிழ் ஆசிரியைகளில் ஒருத்தி